வெடி வெடிச்சா சிசிடிவி படம் ஏன் கட்டம் கட்டமா உடையுது? சிவகாசிக்கும் வீடியோ சிப்புக்கும் என்ன சம்பந்தம்?

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்து என்று செய்தி வந்தால், டிவியிலும் செல்போனிலும் முதலில் ஓடுவது தூரத்தில் நின்று யாரோ எடுத்த ஒரு வீடியோதான். புகை மேலே எழும். ஃபேன்சி ரக வெடிகள் தாறுமாறாகச் சிதறும். அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். புகையும் தெளிவாக இருக்காது, ஆளும் தெளிவாக இருக்காது. சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள்தான் தெரியும்.

'போன் மட்டமான போன், அதான் இப்படி' என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் லென்ஸ் மேல் தப்பு இருக்காது. லென்ஸ் பார்த்ததைச் சுருக்கி எழுதுகிற வேலை உள்ளே ஒரு சிப்புக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதுதான் அந்த நேரத்தில் திணறுகிறது.

தீபாவளிக்கு எடுத்த வீடியோ ஸ்டேட்டஸில் உடைந்து தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே கோளாறு ஒரு பட்டாசு ஆலையின் சிசிடிவி கேமராவில் வந்தால் கதை வேறு. நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் தயாராகும் பகுதி இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'ஆலைகளில் கேமரா வைக்க வேண்டும்' என்ற பேச்சு எழுகிறது. கேமரா வைத்தால் மட்டும் போதுமா, அது எதைப் பதிவு செய்யும், எதை விட்டுவிடும்? இந்தக் கேள்விக்குப் பதில் அந்தச் சின்ன சிப்புக்குள் இருக்கிறது.

ஒரு கேமரா ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதும்?

சாதாரண ஃபுல் எச்டி கேமராவை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தில், அதாவது ஒரு ஃப்ரேமில், 1920-க்கு 1080 என்று 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 25 ஃப்ரேம். ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் என்று வைத்தால் நொடிக்கு சுமார் 62 கோடி பிட் வருகிறது. அப்படியே சேமித்தால் ஒரே கேமரா ஒரு நாளில் 6.7 டெராபைட் எழுதிவிடும். கடையில் வாங்குகிற ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கும் சில நாளிலேயே நிரம்பிவிடும்.

ஆனால் நிஜத்தில் ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அளவில் எழுதிவிட்டுப் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 43 ஜிபி, அவ்வளவுதான். இன்னும் புதிய முறையில் 2 மெகாபிட்டே போதும். அப்படியென்றால் வந்த தகவலில் முந்நூறில் ஒரு பங்கைத்தான் சிப் வைத்துக்கொள்கிறது. மீதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. எதைப் போடுவது, எதை வைப்பது என்று நொடிக்கு 25 தடவை முடிவெடுக்கிறது.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது?

முதல் விஷயத்தைச் சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. நாலு கலர் அச்சில் கருப்பு பிளேட் ஒரு முடி அளவு நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். மஞ்சள் பிளேட் அதே அளவு நகர்ந்தால் பல பேர் கண்ணுக்கே படாது. மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தில் கொஞ்சம் ஏமாறும். வீடியோ சிப்பும் இதே பலவீனத்தைப் பயன்படுத்துகிறது. வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதும். நிறத்தை நாலு புள்ளிக்கு ஒரு தடவை மட்டும் எழுதும். மேலே 24 பிட் இல்லாமல் 12 பிட் என்று கணக்குப் போட்டது அதனால்தான்.

இரண்டாவது, படத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 'மெதுவாக மாறும் பகுதி, வேகமாக மாறும் பகுதி' என்று பிரிப்பது. இதற்குப் பயன்படும் கணக்கின் பெயர் டிசிடி. 1974 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் இது வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ். இதில் ராவ் படித்தது சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில். இந்த யோசனைக்கு நிதி கேட்டு அகமது 1972-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் விண்ணப்பித்தபோது, கிடைக்கவில்லை. ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று கருதிவிட்டார்கள். இன்று உங்கள் போனில் உள்ள ஜேபெக் படங்கள் அந்த எளிமையான கணக்கில்தான் சுருங்குகின்றன. வீடியோக்களும் பெரும்பாலும் அதே கணக்கின் ஏதோ ஒரு வடிவத்தை வைத்துத்தான் சுருங்குகின்றன.

மூன்றாவதுதான் பெரிய வேலை. போன ஃப்ரேமில் இருந்த பொருள் இந்த ஃப்ரேமில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடுவது. ஒரு லாரி சாலையில் போகிறது என்றால் லாரியை மறுபடி வரைய வேண்டாம்; 'அதே லாரி, எட்டுப் புள்ளி வலப்பக்கம்' என்று எழுதினால் போதும். கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்த எட்டுப் புள்ளியைக் கண்டுபிடிக்க எவ்வளவு கணக்கு?

16-க்கு 16 புள்ளி கொண்ட ஒரு கட்டத்தை எடுத்து, சுற்றி நாலு பக்கமும் 16 புள்ளி தூரம் வரை வைத்துப் பார்த்தால் 1,089 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 புள்ளிகளை ஒப்பிட வேண்டும். ஒரு ஃபுல் எச்டி ஃப்ரேமில் இப்படி 8,160 கட்டங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு சுமார் 5,687 கோடி ஒப்பீடுகள். இது தேடலுக்கு மட்டும்! நிஜ சிப்புகள் இவ்வளவும் தேடாது, குறுக்கு வழிகள் வைத்திருக்கும். எவ்வளவு நல்ல குறுக்கு வழி என்பதில்தான் நல்ல சிப்புக்கும் மட்டமான சிப்புக்கும் வித்தியாசம்.

புகையும் தீப்பொறியும் ஏன் எதிரி?

இப்போது லாரிக்குப் பதிலாக ஒரு பூச்சட்டியை வையுங்கள். போன ஃப்ரேமில் இல்லாத ஆயிரம் பொறிகள் இந்த ஃப்ரேமில் இருக்கின்றன. அடுத்த ஃப்ரேமில் அவை இருக்காது, வேறு ஆயிரம் இருக்கும். 'எங்கிருந்து நகர்ந்தது' என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எல்லாவற்றையும் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

புகை இன்னும் மோசம். அதற்கு ஓரம் கிடையாது, நிலையான வடிவம் கிடையாது. சுருளும், விரியும், பின்னால் இருப்பதைப் பாதி மறைக்கும். வெடியின் வெளிச்சம் வேறு. ஒரு நொடியில் மொத்தப் படமும் வெளுத்துப் போகும். இதைச் சமாளிக்கத் தனி உத்திகள் வீடியோ தரநிலைகளில் இருக்கின்றன. விலை குறைந்த கேமராக்களின் சிப்புகள் அவற்றையெல்லாம் பயன்படுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் கேமராவுக்குக் கொடுத்திருக்கும் அளவு அதே 4 மெகாபிட்தான். காலியான வாசலைக் காட்டும்போதும் 4, வெடி வெடிக்கும்போதும் 4. எழுத வேண்டியது பத்து மடங்கு கூடிவிட்டது, நோட்டில் பக்கம் கூடவில்லை. அப்போது சிப் ஒன்றுதான் செய்ய முடியும்: ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கத்தை வெட்டித் தள்ளி, சராசரி நிறத்தை மட்டும் அப்பிவிடும். நாம் பார்க்கும் சதுரங்கள் அவைதான். படத்தில் ஏதாவது நடக்கிற நேரம் பார்த்துத்தான் படம் கெடும். இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பே அப்படி.

சாதாரண பிராசசர் இந்த வேலையைச் செய்யாதா?

செய்யும். கணினியில் மென்பொருள் மூலமாகச் செய்வது நல்ல தரத்தையும் கொடுக்கும். எச்.265 முறைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் எக்ஸ்265 என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கிய மல்டிகோர்வேர் நிறுவனத்துக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பெரிய பிராசசர் வேண்டும், அது மின்சாரம் குடிக்கும், சூடாகும். கம்பத்தில் தொங்கும் கேமராவுக்குள் அதை வைக்க முடியாது.

ஏன் அவ்வளவு மின்சாரம்? ஒரு பட்டாசு ஆலையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆள் குழாய் சுருட்டி, மருந்து அடைத்து, திரி வைத்து, லேபிள் ஒட்டி, பெட்டி போடுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை, அந்த வேலையில் கை பழகிய ஆள். பொருள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போய்க்கொண்டே இருக்கும். சாதாரண பிராசசர் என்பது எல்லா வேலையும் தெரிந்த ஒரே ஆள். ஒவ்வொரு தடவையும் 'அடுத்து என்ன செய்யணும்' என்று ஓர் உத்தரவைப் படித்துவிட்டுத்தான் கை வைப்பார். வீடியோவுக்கென்று வடிவமைத்த சிப் என்பது அறை அறையாகப் பிரித்த ஆலை. தேடலுக்கு ஒரு பகுதி, டிசிடி கணக்குக்கு ஒரு பகுதி, கடைசியில் பிட்டுகளாகக் கட்டிப் போட ஒரு பகுதி. உத்தரவு படிக்கும் செலவே இல்லை.

அடுத்த செலவு குடோன். சிப்புக்குள் ஒரு கூட்டல் போட ஆகும் மின்சக்தியைவிட, வெளியே இருக்கும் மெமரியிலிருந்து அந்த எண்ணைக் கொண்டுவர ஆகும் மின்சக்தி ஆயிரம் மடங்குக்கும் மேல். கணக்குப் போடுவது மலிவு. சுமந்து வருவதுதான் செலவு. போன ஃப்ரேம் முழுக்க வெளி மெமரியில்தான் இருக்கும், தேடலுக்கு அதைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அதனால் நல்ல வடிவமைப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது கணக்கைப் பற்றி அல்ல. ஒரு தடவை கொண்டுவந்த துண்டைச் சிப்புக்குள்ளேயே ஒரு சின்ன அலமாரியில் வைத்து, அக்கம்பக்கத்துக் கட்டங்கள் எல்லாம் அதையே பயன்படுத்திக்கொள்ளும்படி எப்படி வரிசைப்படுத்துவது என்பதைப் பற்றித்தான். அலமாரி பெரிதானால் சிப் விலை ஏறும். சின்னதானால் குடோனுக்கு நடை கூடும்.

கடைசிப் பகுதியில் இன்னொரு முடிச்சு. பிட்டுகளைக் கட்டிப் போடும் 'கேபாக்' என்ற முறை ஒரு சரவெடி மாதிரி. முதல் பிட்டின் முடிவு தெரிந்தால்தான் அடுத்த பிட்டில் கை வைக்க முடியும். பக்கத்தில் பத்து இயந்திரம் சும்மா நின்றாலும் பயனில்லை, திரி வரிசையாகத்தான் எரியும். வேகம் வேண்டுமென்றால் கடிகாரத்தை வேகமாக ஓட்ட வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். 2013-ல் எச்.265 தரநிலை வந்தபோது அந்தச் சரத்தைக் கொஞ்சம் தளர்த்தி, பல பிட்டுகளை ஒன்றாகக் கையாளும்படி மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் விவியன் சே, மதுகர் புடகாவி ஆகியோரின் பங்கு முக்கியமானது. நிஜச் சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை போட்டது; வீடியோச் சரம் மட்டும் தளர்வோடு இன்னும் எரிகிறது.

சென்னையில் பிறந்தவர் காட்டிய வழி

குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் என்றாலே உலக அளவில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று அனந்தா சந்திரகாசன். சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பொறியியல் புலத் தலைவராக இருந்து, 2025-ல் அதன் ப்ரோவோஸ்ட் பதவிக்கு வந்தவர்.

அவருடைய அடிப்படை யோசனையைச் சாதாரணமாகவே சொல்லிவிடலாம். ஒரு சிப் ஒரு கணக்குக்குச் செலவழிக்கும் சக்தி, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட்டைப் பாதியாக்கினால் செலவு கால்வாசியாகிவிடும். ஆனால் வோல்ட் குறைந்தால் சிப் மெதுவாகும். அப்ப வேலை எப்படி முடியும்? ஒரே ஆளை விரட்டுவதற்குப் பதில் நாலு ஆளை நிதானமாக வேலை செய்யவிடு என்பதுதான் பதில். இடம் கொஞ்சம் கூடும். மின்சாரம் பல மடங்கு குறையும்.

இதை வைத்து சந்திரகாசன், அப்போது அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த விவியன் சே உள்ளிட்டோர் 2009-ல் ஒரு சிப்பை வெளியிட்டார்கள். எச்.264 முறையில் சுருக்கிய 720பி வீடியோவை விரித்துக் காட்டும் சிப். 0.7 வோல்ட்டில் ஓடியது, 1.8 மில்லிவாட் எடுத்தது. வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்போடு ஒப்பிட்டால் ஐயாயிரத்தில் ஒரு பங்கு! 2013-ல் அதே வழியில் எச்.265-க்கு ஒரு சிப் வந்தது. 4கே வீடியோவை நொடிக்கு 30 ஃப்ரேம் விரிக்க 76 மில்லிவாட். இரண்டிலும் வெளி மெமரி எடுக்கும் மின்சாரம் சேராது என்பதையும் சொல்லியாக வேண்டும். குடோன் செலவு தனி.

இன்னொன்றையும் கவனிக்கணும். இவை இரண்டும் விரிக்கும் சிப்புகள். சுருக்குவது அதைவிடப் பல மடங்கு கடினம். விரிக்கும் சிப் சொன்னதைச் செய்தால் போதும், தேடல் வேலை அதற்குக் கிடையாது. கேமராவுக்குள் இருக்க வேண்டியது சுருக்கும் சிப்.

சுருக்கும் பக்கத்தில் பெரிய உதாரணம் யூடியூப். உலகம் முழுக்க இருந்து வந்து குவியும் வீடியோக்களைச் சாதாரண சர்வர்களில் சுருக்கிக் கட்டுப்படியாகாமல், கூகுள் அதற்கென்றே ஒரு சிப்பைச் செய்தது. ஒரு சிப்பில் பத்து சுருக்கும் மையங்கள். 2021-ல் இதைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரை, முந்தைய சர்வர்களைவிட 20 முதல் 33 மடங்கு திறன் கூடியதாகச் சொல்கிறது. கட்டுரையின் முதல் ஆசிரியர் பார்த்தசாரதி ரங்கநாதன், சென்னை ஐஐடியில் படித்தவர்.

சரி, பட்டாசு ஆலையில் கேமரா என்ன செய்யும்?

முதலில் ஒரு சங்கடமான கணக்கு. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 40 மில்லிநொடி. பட்டாசு மருந்து பற்றினால் அதைவிட வேகமாகவே எல்லாம் முடிந்துவிடலாம். ஒரு ஃப்ரேமில் அறை வழக்கம்போல இருக்கும், அடுத்த ஃப்ரேம் வெள்ளையாக இருக்கும். வெடித்த நொடியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது பல நேரம் நடக்காத காரியம்.

காரணம் இருப்பது அதற்கு முந்தைய மணிநேரங்களில். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்கள். முதல் தீயைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்தவர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் 13 பேர். 2024 மே 9-ல் செங்கமலப்பட்டியில் 10 பேர். ஊர் மாறும், தேதி மாறும். விசாரணைகளில் வரும் காரணங்கள் மட்டும் பெரிதாக மாறுவதில்லை: மருந்து கலக்கும்போது உராய்வு, அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், அனுமதித்ததைவிட அதிக மருந்து, உள்குத்தகை, அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை.

இவற்றில் பாதிக்கு மேல் கேமராவில் தெரியக்கூடியவை. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பது தெரியும். காலையில் காயப்போட்ட மணிமருந்து மாலை வரை அள்ளாமல் கிடப்பது தெரியும்.

தெரியுமா? இங்கேதான் சிப் மறுபடி உள்ளே வருகிறது. இப்போது விற்கும் பல கேமராக்களில் 'ஸ்மார்ட்' சேமிப்பு முறை என்று ஒன்று இருக்கும். அசையாத பகுதிக்கு மிகக் குறைந்த பிட், அசையும் ஆளுக்கு அதிக பிட். ஹார்ட் டிஸ்க் பல நாள் கூடுதலாகத் தாங்கும், கடைக்காரர் அதைச் சொல்லித்தான் விற்பார். ஒரு நகைக்கடைக்கு இது சரி. பட்டாசு ஆலையில் அசையாமல் கிடக்கும் மருந்துக் குவியல்தான் முக்கியம். சிப் அதைப் 'பின்னணி' என்று முடிவு செய்து மழுக்கிவிட்டால், விசாரணைக்கு வரும் அதிகாரிக்குத் தெரியப்போவது தரையில் ஒரு சாம்பல் நிறத் திட்டு. அது மருந்தா, சாக்கா, நிழலா என்று யாரும் சாதிக்க முடியாது. கேமரா வைக்கச் சொல்லும் எந்த உத்தரவும் 'எத்தனை கேமரா' என்பதோடு நின்றுவிட்டால் பிரயோஜனம் கம்மி. எந்த இடத்தில் எவ்வளவு நுணுக்கம் தெரிய வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

மின்சாரமும் இங்கே சாதாரண விஷயமில்லை. மருந்து கையாளும் அறைக்குள் வீட்டில் இழுப்பது போல ஒயர் இழுத்து சுவிட்ச் போட முடியாது. ஒரு சின்னப் பொறி போதும். ஒன்று, தீப்பொறி வெளியே வராத தனிக் கூடு போட்ட, விலை கூடிய கேமரா வேண்டும். இல்லையென்றால் அறைக்கு வெளியே தள்ளி ஒரு கம்பத்தில் வைத்து, சோலார் பலகையும் பேட்டரியும் கொடுக்க வேண்டும். 5 வாட் எடுக்கும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு 120 வாட்-மணி கேட்கும். 12 வோல்ட் பேட்டரியில் 10 ஆம்பியர்-மணி. இரண்டு நாள் மழை மூட்டத்துக்குத் தாங்க அதில் இரட்டிப்பு. சிப்பும் மற்றவையும் சேர்ந்து 2 வாட்டில் முடித்துவிட்டால் பேட்டரியும் பலகையும் பாதிக்குக் கீழே வந்துவிடும். கூட்டுக்குள் சூடும் குறையும். கத்திரி வெயிலில் விருதுநகர் பக்கம் ஒரு மூடிய இரும்புக் கூடு என்ன சூடாகும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்து, பதிவு எங்கே இருக்கிறது? ஆலை அலுவலகத்தில் ஒரு பெட்டியில் இருந்தால், வெடிப்பில் அந்தக் கட்டடமும் போகலாம், அல்லது பெட்டி 'காணாமல்' போகலாம். இன்னொரு பிரதி வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். 16 கேமராவும் 4 மெகாபிட் என்றால் நொடிக்கு 64 மெகாபிட் அப்லோட் வேண்டும். ஊருக்கு வெளியே பொட்டலில் இருக்கும் ஆலைக்கு அது கனவு. கலவை அறை, காயவைக்கும் களம், வாசல் என்று மூன்றை மட்டும் 2 மெகாபிட்டில் அனுப்பினால் 6 மெகாபிட். சுமாரான 4ஜி சிக்னலில் நடக்கிற காரியம்தான். எச்.264-லிருந்து எச்.265-க்கு மாறினால் அதே தரத்துக்குப் பாதி அளவு போதும் என்று பொறியாளர்கள் சொல்வது இந்த இடத்தில் வெறும் புள்ளிவிவரமாக இருக்காது. பிரதி வெளியே போகுமா போகாதா என்பதையே அது தீர்மானிக்கும்.

தொழிலாளர்கள் பக்கம் ஒரு நியாயமான சந்தேகம் இருக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் இடத்தில் கேமரா வந்தால் அது முதலில் யாரைப் பார்க்கும்? விதி மீறலையா, டீ குடிக்க எழுந்தவரையா? பதிவு முதலாளி கையில் மட்டும் இருந்தால் இந்தச் சந்தேகத்துக்குப் பதில் கிடையாது. சிப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைத் தீர்க்காது. உராய்வையும் அது தடுக்காது.

சிப் எங்கிருந்து வருகிறது?

இத்தனை நாளும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான். ஒரு காலத்தில் உலகின் சிசிடிவி கேமராக்களில் பெரும்பங்கு சிப்புகள் சீனாவின் ஹுவாவே குழுமத்தைச் சேர்ந்த ஹைசிலிக்கான் நிறுவனத்துடையவை. 2020-ல் அமெரிக்கத் தடை வந்ததும், தைவானில் அவற்றைத் தயாரிப்பது நின்றது. கேமரா நிறுவனங்கள் வேறு சிப்புகளைத் தேடி ஓடின. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல், இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் விற்க முடியும். உள்ளே என்ன சிப், அதில் ஓடும் மென்பொருள் என்ன என்பதெல்லாம் கேள்விக்கு வருகிறது.

சென்னையில் இதற்கு ஒரு முயற்சி நடக்கிறது. ஐஐடி வளர்த்த சக்தி பிராசசரை அடிப்படையாக வைத்து அங்கிருந்து கிளம்பிய மைண்ட்குரோவ் என்ற நிறுவனம், 2024-ல் தன் முதல் சிப்பை அறிமுகப்படுத்தியது. அடுத்து அது கையில் எடுத்திருப்பது கேமராக்களுக்கான காட்சி சிப். மத்திய அரசின் வடிவமைப்பு ஊக்கத் திட்டத்தில் செலவில் பாதி வரை, அதிகபட்சம் 15 கோடி ரூபாய், திரும்பக் கிடைக்கும். தமிழக அரசும் 2025-ல் 500 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் இயக்கம் ஒன்றை அறிவித்தது. பணம் பெரிதாகத் தெரியலாம். ஒரு நவீன சிப்பை வடிவமைத்துத் தயாரிப்புக்குக் கொண்டுபோகும் செலவைப் பார்த்தால் 15 கோடி ஒரு தொடக்கம்தான்.

சிவகாசிக்கும் இதில் இடமில்லாமல் இல்லை. 1984-ல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரே பட்டாசுக்குப் போகும் அலுமினியப் பவுடர் செய்த நிறுவனத்திலிருந்து வந்தது. அங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சிப் வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு, தங்கள் ஊர்ப் புகையையும் தீப்பொறியையும் விடக் கடினமான சோதனை வீடியோ வேறெங்கும் கிடைக்காது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. எச்.265-க்கான காப்புரிமைகள் ஒரே இடத்தில் இல்லை, பல நிறுவனங்கள் கையில், வெவ்வேறு கூட்டமைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. சிப் செய்பவரும் கேமரா செய்பவரும் உரிமக் கட்டணத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். ராயல்டி கேட்காத ஏவி1 முறை 2018-ல் வந்தது. ஆனால் அதில் சுருக்குவது இன்னும் கனமான வேலை, கேமராவுக்குள் அடங்கும் சிப்பாக அதைச் செய்வது கடினம். அதுவரை ஆலைகளுக்கு கேமரா வாங்குபவர்கள் கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கேமராவுக்கு முன்னால், பாதுகாப்பான வெளியிடத்தில், ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்தி ஒரு நிமிடம் பதிவு செய்து, அந்தப் பதிவில் பின்னால் நிற்கும் ஆளை எண்ணச் சொன்னால் போதும்.